ஏறியது 120 மீட்டர், இறங்கியது 2 மீட்டர்: கோடியக்கரை முதல் குமரி வரை கடல் வரைந்த கரை

கடைசிப் பனிக்காலம் உச்சத்தில் இருந்தபோது, இன்றைக்குச் சுமார் 20,000 ஆண்டுகளுக்கு முன், உலகக் கடல்மட்டம் இப்போதைவிட 120 மீட்டருக்கும் கீழே கிடந்தது. இந்த எண்ணைச் சொன்ன உடனே பேச்சு மூழ்கிப்போன நிலங்களின் பக்கம் ஓடிவிடும். ஆனால் கோடியக்கரையிலிருந்து கன்னியாகுமரி வரை நாம் கண்ணால் பார்க்கிற கரையின் உருவம் பெரும்பாலும் அந்த ஏற்றத்தின் வேலை இல்லை. வேதாரண்யத்தின் மணல்மேட்டு வரிசைகள், ராமேசுவரத்தின் வடகரையில் நிற்கும் செத்த பவளத்தட்டு, மன்னார் வளைகுடாவின் 21 தீவுகள் எல்லாம், பெரிய ஏற்றம் ஓய்ந்த பிறகு, கடந்த 6000 ஆண்டுகளில் கடல் ஓரிரு மீட்டர் உயர நின்று மெதுவாக இறங்கியதால் உண்டானவை. கரை எந்த இடத்தில் நிற்கும் என்பதைப் பெரிய ஏற்றம் முடிவு செய்தது. அது எப்படி இருக்கும் என்பதைச் சின்ன இறக்கம் முடிவு செய்தது.

ஏற்றத்தின் வேகமும் தரையின் சரிவும்

பனி உருகியது ஒரே சீராக இல்லை. சுமார் 14,600 ஆண்டுகளுக்கு முன் ஒரு பெருக்கு வந்தது. சில நூறு ஆண்டுகளுக்குள் கடல் 12 மீட்டருக்கு மேல் ஏறியது, அதாவது ஆண்டுக்கு 4 செ.மீ. அளவில். பிறகு வேகம் குறைந்தது, மறுபடி கூடியது. 11,500 முதல் 8000 ஆண்டுகளுக்கு முன் வரையிலான காலத்தில் சராசரி ஏற்றம் ஆண்டுக்கு ஒரு செ.மீ.க்குச் சற்று மேல். 7000 ஆண்டுகளுக்கு முன் வட அமெரிக்கப் பனிப்பாளத்தின் கடைசிப் பகுதியும் கரைந்து முடிகிற நிலையில், ஏற்றம் ஏறக்குறைய நின்றுபோனது.

செங்குத்தாக எத்தனை செ.மீ. ஏறியது என்பதை வைத்துக் கரையோரத்தில் இருந்தவனுக்கு என்ன நடந்தது என்று சொல்ல முடியாது. தரையின் சரிவு தெரிந்தாக வேண்டும். பாக் விரிகுடாவை எடுத்துக்கொள்வோம். தொண்டிப் பக்கத்துக் கரையிலிருந்து நடுக்கடல் வரை சுமார் 50 கி.மீ. போனாலும் ஆழம் 13 மீட்டர் வாக்கில்தான். சரிவு ஏறத்தாழ 4000க்கு 1. கடல் ஆண்டுக்கு 1.3 செ.மீ. ஏறினால் நீர்விளிம்பு ஆண்டுக்கு 50 மீட்டர் உள்ளே வரும். ஒருவருடைய 50 ஆண்டு வாழ்நாளில் இரண்டரை கி.மீ. முழு விரிகுடாவும் நிரம்ப ஆயிரம் ஆண்டு போதும். அதே காலத்தில் மன்னார் வளைகுடாவின் தெற்குப் பக்கத்தில், தரை ஆயிரம் மீட்டருக்கும் கீழே இறங்கும் சரிவில், கடல் அதே 13 மீட்டர் ஏறியும் கரை நகர்ந்த தூரம் மிகக் குறைவு. ஒரே கடல், ஒரே ஏற்றம். ராமேசுவரத்துக்கு வடக்கே ஒரு நாடு முழுகும் அளவு நிலம் போனது, தெற்கே ஒரு கரைப்பட்டை மட்டும் போனது.

இந்த வேறுபாடு இன்றைக்கும் மீனவர்களின் தொழிலில் தெரிகிறது. பாக் விரிகுடாவில் சேறும் கடல்புல்லும் படர்ந்த, ஆழமற்ற தரை. மன்னார் வளைகுடாவில் கரையைவிட்டுச் சற்றுத் தள்ளியதும் பாறைப் ‘பார்’களும் பவளமும், அதற்கப்பால் பாகம் பாகமாக இறங்கும் ஆழமும்.

தரைப்பாலம் எப்போது அறுந்தது?

கடல் தாழ்ந்திருந்தபோது தமிழகமும் இலங்கையும் தரையால் இணைந்திருந்தன. இன்று ராமேசுவரம் தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் நடுவே கிடக்கும், ராமர் பாலம் என்று சொல்லப்படும் மணல்தீடை (மணல்திட்டு) வரிசை சுமார் 30 கி.மீ. நீளம். 2024இல் வெளியான, செயற்கைக்கோள் லேசர் அளவீட்டை வைத்த இந்திய ஆய்வு அதன் நீளத்தை 29 கி.மீ. என்று கணக்கிட்டது. கிட்டத்தட்ட முழுவதும் ஆழமற்ற நீருக்கடியில் இருப்பதாகவும், 2–3 மீட்டர் ஆழமுள்ள 11 குறுகிய வாய்க்கால்கள் அதை வெட்டிச் செல்வதாகவும் காட்டியது.

பலர் செய்யும் கணக்கு இதுதான்: இன்றைய ஆழத்தை எடுத்து, கடல்மட்ட வரைபடத்தில் அந்த ஆழத்துக்கு நேரே உள்ள ஆண்டைப் படித்து, ‘அப்போதுதான் இலங்கை பிரிந்தது’ என்று முடித்துவிடுவது. தீடையின் 2–3 மீட்டரை எடுத்தால் 7000 ஆண்டுக்கும் குறைவான விடை வரும். இது தவறு. தீடையின் மணல் கடல் வந்து நிறைந்த பிறகு சேர்ந்தது. தென்மேற்குப் பருவத்தில் மன்னார் வளைகுடாப் பக்கமிருந்தும், வடகிழக்குப் பருவத்தில் பாக் விரிகுடாப் பக்கமிருந்தும் எதிரெதிராக வரும் நீரோட்டங்கள் சந்திக்கும் கோட்டில் மணலை இறக்கிவைக்கின்றன. பிற்காலத்தில் வந்த இந்த மணலைக் கழித்துவிட்டு, அடியில் உள்ள பழைய தரையின் மட்டத்தைத்தான் வரைபடத்தோடு ஒப்பிட வேண்டும். விரிகுடாவின் அடித்தரைக்கும் இது பொருந்தும். ஆறுகள் கொண்டுவந்த வண்டலைக் கழித்தால் பழைய தரை இன்னும் கீழே போகும், பிரிவும் இன்னும் முந்தும். பத்துப் பன்னிரண்டு மீட்டர் என்று வைத்துக்கொண்டால் 8000 ஆண்டுகளுக்கு முன் என்ற விடை நியாயமானது. அதற்கு முன்பும் கடல் ஏறி இறங்கிய ஒவ்வொரு பனிக்காலச் சுற்றிலும் பாலம் தோன்றி மறைந்திருக்கிறது.

பாலம் இருந்தால் எல்லா உயிரினமும் கடந்துவிடும் என்று நினைக்க வேண்டாம். பனிக்காலத்தில் இங்கே பருவமழை குறைவு. விரிகுடாத் தரை வறண்ட புல்வெளியாகவும் முட்புதராகவும் இருந்திருக்கும். யானைக்கும் மானுக்கும் அது வழி. மழைக்காட்டுத் தவளைக்கு அது சுவர். மேற்குத் தொடர்ச்சி மலைக்கும் இலங்கையின் ஈரவலயத்துக்கும் இடையே தவளை, நண்டு, மீன், பாம்பு இனங்களின் மரபணுவை ஒப்பிட்ட 2004ஆம் ஆண்டு ஆய்வு, இரு பக்கத்து இனங்களும் நெடுங்காலமாகத் தனித்தனியே வளர்ந்தவை என்று காட்டியது. இலங்கையில் இன்று புலி கிடையாது. ஆனால் பட்டதொம்பலெனக் குகையில் புலியின் எலும்பெச்சம் கிடைத்திருக்கிறது. பனிக்காலத்தின் கடைப்பகுதியில் அங்கே புலி இருந்தது.

குமரிக்குத் தெற்கே

குமரிக்கண்டம் என்ற பெருநிலம் அங்கே இருந்து மூழ்கியதா என்ற கேள்வியைத் தாண்டிப் போக முடியாது என்பதால் சுருக்கமாக. கடல் 120 மீட்டர் தாழ்ந்திருந்தபோது கன்னியாகுமரிக்குத் தெற்கே பத்துக் கணக்கான கி.மீ. அகலத்துக்கு நிலம் வெளிப்பட்டிருந்தது. இன்று மீன்வளத்துக்குப் பேர்போன வாட்ஜ் திட்டு அதன் பகுதிதான். அதற்கு அப்பால் கண்டத்திட்டு (கரையை ஒட்டிய ஆழமற்ற கடலடித் தரை) முடிந்து தரை ஆயிரக்கணக்கான மீட்டர் ஆழத்துக்கு இறங்குகிறது. ஆயிரம் கி.மீ. நீள நிலம் அங்கே அண்மைக் காலத்தில் இருந்து மூழ்கியதற்கு நிலவியலில் இடமில்லை. காலமும் ஒத்துவரவில்லை. சங்க காலம் என்று நாம் சொல்லும் 2000 ஆண்டுகளுக்கு முன் கடல்மட்டம் ஏறத்தாழ இன்றைய அளவு, அல்லது சற்று மேல். அந்தக் காலத்துக் கடல்கோள் நினைவுகளுக்கு ஆழிப்பேரலை, புயல் வெள்ளம், கரை அரிப்பு ஆகியவைதான் தகுந்த காரணம். 8000 ஆண்டுக்கு முந்தைய ஏற்றத்தின் நினைவு வாய்வழியாக வந்து சேர்ந்திருக்குமா என்பது வேறு கேள்வி. நிலவியலால் அதற்கு ஆம் என்றோ இல்லை என்றோ சொல்ல முடியாது.

பூம்புகாருக்கு வெளியே 23 மீட்டர் ஆழத்தில், கரையிலிருந்து சுமார் 5 கி.மீ. தொலைவில், தேசியக் கடலியல் நிறுவனத்தின் முக்குளிப்பவர்கள் 1990களின் தொடக்கத்தில் ஆராய்ந்த லாட வடிவ அமைப்பையும் இங்கேயே சொல்லிவிடலாம். அந்த ஆழம் கரையாக இருந்தது சுமார் 9000 ஆண்டுகளுக்கு முன். கரைமேல் கீழையூரில் கிடைத்த செங்கல் படகுத்துறையின் காலமோ கி.மு. 3ஆம் நூற்றாண்டு வாக்கில். இரண்டையும் ஒரே நகரமாக இணைத்தால் ஆயிரக்கணக்கான ஆண்டு இடைவெளியை விழுங்க வேண்டியிருக்கும். கடலடி அமைப்பு மனிதர் கட்டியது என்பதற்கே உறுதியான சான்று இன்னும் வைக்கப்படவில்லை. துறைமுகம் அழிந்ததற்குக் கரை அரிப்பு போதுமான விளக்கம்.

தாழ்ந்த கடல் விட்டுப்போனவை: தேரியும் பாரும்

கடல் தாழ்ந்திருந்த காலத்தின் அடையாளம் கரையிலேயே இருக்கிறது. தூத்துக்குடி மாவட்டத்தின் சாயர்புரம், நாசரேத், சாத்தான்குளம், உடன்குடி வட்டாரத்துச் செம்மணல் தேரிகள்தான் அவை. மணலின் மூலம் பற்றி இரு கருத்து உண்டு. ஒன்று, ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக வரும் தென்மேற்குப் பருவக்காற்று உள்நாட்டுச் செம்மண்ணை வாரிக் கொண்டுவந்தது என்பது. மற்றது, கடல் விலகியதால் வெளிப்பட்ட திட்டுத்தரை மணலைக் காற்று குவித்தது என்பது. இல்மனைட், கார்னெட் போன்ற கனமான தாதுக்கள் தேரியில் நிறைந்திருப்பது கடற்கரை மணலின் பங்கைக் காட்டுகிறது. இரண்டுமே பங்களித்தன என்று கொள்வதே பொருத்தம்.

குவிந்ததும் சிவந்ததும் ஒரே காலத்தில் நடக்கவில்லை. செடிகொடி குறைந்த வறண்ட காலத்தில் மணல் குவிந்தது. பனிக்காலம் முடிந்து பருவமழை வலுத்த பிறகு, தாதுக்களில் இருந்த இரும்பு துருவாகி மணிகளைச் சுற்றிப் படிந்தது. தேரியில் ஒரு கைப்பிடி மணலை எடுத்துத் தண்ணீரில் கசக்கினால் நீர் செம்பழுப்பாகும். மணிக்குள் பெரும்பாலும் வெண்ணிறக் குவார்ட்ஸ்தான், சிவப்பு மேல்பூச்சு. மழையோடு இறங்கிய நுண்களிமண் கீழடுக்கில் அடைந்து மணலைக் கெட்டியாக்கியது. தேரிக்குள் சுனைகள் பொங்குவதற்கு இந்த அடுக்கே காரணம். அருஞ்சுனை காத்த அய்யனார் கோயிலின் சுனை அப்படிப்பட்ட ஒன்று. இந்தத் தேரிகளில் கிடைத்த சிறுகற்கருவிகளை ஃப்ரெடெரிக் ஸாய்னர், பிரிஜெட் ஆல்ச்சின் இருவரும் 1956இல் விவரித்தார்கள். கருவிகள் எந்த மணல் அடுக்கில் கிடக்கின்றன என்பதைக் கடல்மட்ட மாற்றத்தோடு இணைத்துப் படிக்க முயன்ற முதல் முயற்சிகளில் அது ஒன்று.

தூத்துக்குடிக்கு வெளியே 12 முதல் 25 மீட்டர் ஆழத்தில் கிடக்கும் முத்துப்பார்களும் பழைய கரையைப் படிக்க உதவும். தொலையிரம் பார் அவற்றில் பேர்பெற்றது. பெரிய அளவிலான முத்துக்குளிப்பு கடைசியாக நடந்தது 1961இல். பார் என்பது மணலும் சிப்பித்தூளும் சுண்ணாம்பால் இறுகிய பாறை. வெப்பமண்டலக் கரையில் ஓதம் ஏறி இறங்கும் பட்டையில் இத்தகைய கரைப்பாறை விரைவாக இறுகும். வெயிலில் நீர் ஆவியாகி, கரைந்திருந்த சுண்ணாம்பு மணிகளுக்கு இடையே படிவதுதான் காரணம். கடல் ஓரிடத்தில் சில நூறு ஆண்டு தங்கினால் கரைக்கு இணையாக ஒரு பாறைக்கோடு உண்டாகும். அடுத்து வேகமாக ஏறினால் அந்தக் கோடு அரிபடாமல் முழுகிக் கிடக்கும். முத்துச்சிப்பிக்கு ஒட்டிக்கொள்ளக் கடினமான தரை தேவை. மணற்காட்டுக்கு நடுவே அதைப் பழங்கரைகள் கொடுத்தன.

கடல் ஏன் நின்றபின் இறங்கியது?

7000 ஆண்டுகளுக்கு முன் உருகல் முடிகிற நிலையில், உலகக் கடலில் நீரின் அளவு பெரிதாக மாறவில்லை. ஆனாலும் வெப்பமண்டலத்தில் பல இடங்களில் கடல் இன்றைய மட்டத்தைவிட 1 முதல் 3 மீட்டர் மேலே போய், பிறகு இறங்கியிருக்கிறது. காரணங்கள் இரண்டு, இரண்டுமே தரையின் அசைவுகள். கனடாவையும் ஸ்காண்டிநேவியாவையும் அழுத்திய பனிப்பாளத்தைச் சுற்றி வெளியே பிதுங்கியிருந்த கடலடித் தரை, பாரம் நீங்கியதும் மெல்ல அமிழ்ந்தது. அமிழ்ந்த இடத்தை நிரப்ப நீர் வெப்பமண்டலத்திலிருந்து போனது. இரண்டாவது, புதிதாக ஏறிய 120 மீட்டர் நீரின் எடை கடலடியை அழுத்தியது. அடியிலிருந்த பாறைக்கூழ் கண்டத்தின் அடிக்கு நகர்ந்து, கரையோரத் தரையைச் சற்றே தூக்கியது. கரையில் நிற்பவனுக்கு இரண்டும் ஒன்றாகவே தெரியும்: கடல் பின்வாங்குகிறது. வேகம் ஆண்டுக்கு அரை மில்லிமீட்டருக்கும் கீழே.

பவளம் சொல்லும் மட்டம்

இதற்கு நேரடிச் சான்று ராமேசுவரம் தீவில். பாம்பனிலிருந்து கிழக்கே வடகரை ஓரமாக, செத்த பவளத்தின் தட்டையான மேடை நீர்மட்டத்துக்கு மேலே தலைகாட்டி நிற்கிறது. டேவிட் ஸ்டோடார்ட், சி. எஸ். கோபிநாத பிள்ளை இருவரும் 1972இல் இதை விவரித்தார்கள். அதிலிருந்து எடுத்த பவளத்தின் கார்பன்-14 வயது சுமார் 4000 ஆண்டு. இலங்கையின் தென்மேற்குக் கரையில் ஹிக்கடுவை, அக்குரல பகுதியில் சுண்ணாம்புக்காகக் கரையின் உள்பக்கம் தோண்டிய பவளப்படிவங்களும் இதே காலப்பகுதியைச் சேர்ந்தவை.

பவளம் மேலே நிற்கிறது என்பதாலேயே கடல் மேலே இருந்தது என்று சொல்லிவிட முடியாது. புயல் தூக்கிப்போட்ட கல்லும் மேலேதான் கிடக்கும். பார்க்க வேண்டியது அது வளர்ந்த நிலையிலேயே நிற்கிறதா என்பது. கிளைகள் மேல்நோக்கி இருக்க வேண்டும், அடி பாறையோடு ஒட்டியிருக்க வேண்டும், குழிவாய்கள் (பவள உயிர்கள் இருந்த சிறு குழிகள்) தேயாமல் இருக்க வேண்டும். தலைகீழாகவோ, உருண்டு மழுங்கியோ இருந்தால் அதை ஒதுக்கிவிட வேண்டியதுதான்.

ஆகச் சிறந்த சான்று போரைட்டஸ் வகைப் பவளத்தின் வட்டத் தட்டு. பவளம் மேலே வளர்ந்துகொண்டே போய், ஆழ்ந்த வற்றத்தின்போது (ஓதம் மிகவும் இறங்கும்போது) வெயில் படும் மட்டத்தைத் தொட்டதும் தலைப்பகுதி செத்துவிடும். பக்கவாட்டில் மட்டும் ஆண்டுக்குச் சுமார் ஒரு செ.மீ. வளர்ந்துகொண்டிருக்கும். ஆகவே தட்டின் மேற்பரப்பு அந்தக் காலத்து வற்றமட்டத்தின் பதிவு. நடுவிலிருந்து விளிம்பு நோக்கிப் படிப்படியாகத் தாழ்ந்தால், அது உயிரோடிருந்த காலத்திலேயே கடல் இறங்கியிருக்கிறது. உயர்ந்தால் ஏறியிருக்கிறது.

அளக்கும்போது செய்யக்கூடிய பிழைகள் இவை. பழைய தட்டின் உயரத்தை வரைபடத்தின் சராசரிக் கடல்மட்டத்தோடு ஒப்பிடக் கூடாது. அதே திட்டில் இன்று உயிரோடிருக்கும் தட்டின் தலையோடு ஒப்பிட வேண்டும். இங்கே ஏற்ற வற்ற வேறுபாடு ஒரு மீட்டருக்கும் குறைவு, தேடுகிற வித்தியாசமும் ஓரிரு மீட்டர்தான். மட்டத்தை எடுப்பதில் 30 செ.மீ. தவறினாலே முடிவு குலைந்துவிடும். அடுத்தது, பவளச்சிதைவுகள் அணைபோல் அடைத்து வற்றத்திலும் நீர் தேங்கும் குட்டைகள். அதற்குள் பவளம் திறந்த கடலைவிட அரை மீட்டர் உயரமாகவும் வளரும். இதைக் கவனிக்காமல் எடுத்தால் இல்லாத கடலேற்றம் தாளில் வந்துவிடும். காலக்கணிப்பில், பவளத்தின் அரகோனைட் என்ற சுண்ணாம்புப் படிகம் மழைநீர் பட்டுக் கால்சைட் என்ற இன்னொரு வகைப் படிகமாக மாறியிருந்தால் புதுக் கார்பன் கலந்து வயது குறைவாகக் காட்டும். அதனால் எக்ஸ்-கதிர் சோதனையில் 95 விழுக்காட்டுக்கு மேல் அரகோனைட் என்று உறுதியான மாதிரியையே ஏற்பது வழக்கம். கடல்நீரின் கார்பன் காற்றின் கார்பனைவிடப் பழையது, அதற்கான திருத்தம் சுமார் 400 ஆண்டு. 1970, 80களின் கட்டுரைகளில் உள்ள வயதுகள் பெரும்பாலும் இன்றைய திருத்த அட்டவணைக்கு முந்தியவை. புதிய எண்ணோடு அப்படியே பக்கத்தில் வைத்தால் சில நூறு ஆண்டு இடறும்.

வேதாரண்யத்தின் மேடும் பள்ளமும்

திருத்துறைப்பூண்டியிலிருந்து தென்கிழக்கே கோடியக்கரை வரை நேர்கோட்டில் சுமார் 35 கி.மீ. இந்த வழியில் பழங்கரை மேடுகள் வரிசையாகக் கிடக்கின்றன. திருத்துறைப்பூண்டிப் பக்கத்து மேட்டின் கார்பன் வயது சுமார் 6000 ஆண்டு, கோடியக்கரைப் பக்கத்தில் சுமார் 1000 ஆண்டு. ஆக 5000 ஆண்டில் 35 கி.மீ., ஆண்டுக்குச் சராசரி 7 மீட்டர் நிலம் கடலுக்குள் வளர்ந்திருக்கிறது.

இதைக் கடல் இறக்கம் தனியாகச் செய்திருக்க முடியாது. 4000க்கு 1 சரிவில் 2 மீட்டர் இறங்கினால் 8 கி.மீ. கிடைக்கும். மீதி காவிரி கொண்டுவந்த வண்டல். வடகிழக்குப் பருவத்தில் தெற்கு நோக்கி நகரும் மணல், கரை மேற்கே திரும்பும் இந்த மூலையில் வேகம் இழந்து இறங்குகிறது. தென்மேற்குப் பருவத்துப் பேரலைகளை இலங்கை மறைத்துவிடுவதால் இறங்கியது அப்படியே தங்குகிறது. கடல் இறங்கிக்கொண்டிருந்ததன் பங்கு வேறு: ஒருமுறை சேர்ந்த மேட்டைத் திரும்ப வந்து அரிக்காமல் விட்டது.

ஒரு மேட்டில் குழி வெட்டிப் பார்த்தால் அதன் கட்டுமானம் தெரியும். மேலே ஓரிரு மீட்டர் சன்ன மணல், சிப்பி கிடையாது, அடுக்குகள் சாய்ந்து குறுக்கிடும். இது காற்று போட்டது. அதற்குக் கீழே மணல் சற்றுப் பருமனாகும், அடுக்குகள் கடல்பக்கம் லேசாகச் சாய்ந்து தட்டையாக ஓடும், விரல் அளவு தடிப்பில் கருமணல் கோடுகளும் உடைந்த சிப்பியும் வரும். இது அலை போட்டது. இன்னும் கீழே நீலச்சாம்பல் நிறச் சேறு, முன்கரையின் அடித்தரை. பழைய கடல்மட்டத்தை மேட்டின் உச்சியிலிருந்து படிப்பது பலர் செய்யும் தவறு. உச்சி என்பது அலை ஏறிய உயரமும் காற்று சேர்த்த உயரமும் கூட்டியது. காற்று மணலும் அலை மணலும் சந்திக்கும் கோட்டைத்தான் அளக்க வேண்டும். கைத்துளைக் கருவியால் இறங்கினால் நிலத்தடி நீர் வந்ததும் குழி சரியும். உறைக்குழாய் இல்லாமல் அதற்குக் கீழே எடுத்த மாதிரி மேல்மணல் கலந்தது, எதற்கும் உதவாது. வயதுக்கு உடைந்த ஓடுகளைப் பொறுக்கக் கூடாது, அவை பழைய மேட்டிலிருந்து அரிபட்டு வந்தவையாக இருக்கலாம். இரண்டு ஓடும் சேர்ந்து மூடியபடி கிடக்கும் சிப்பியே நம்பத்தக்கது. மணல்மணிகள் கடைசியாக வெயில் கண்ட காலத்தை அளக்கும் முறைக்கு, மாதிரியை வெளிச்சம் புகாத குழாயை அடித்து இறக்கி எடுக்க வேண்டும். ஒரு நிமிட வெயில் பட்டாலே கணக்கு பூஜ்யத்துக்கு வரத் தொடங்கிவிடும்.

மேடுகளில் ஊரும் தோப்பும் சாலையும், இடைப்பள்ளங்களில் சதுப்பும் உப்பளமும் என்று இந்த வட்டாரத்தின் குடியிருப்பு அமைந்தது தற்செயல் இல்லை. மேட்டின் மணலில் இறங்கிய மழைநீர் உவர்நீரின்மேல் மிதக்கிறது. கடல்மட்டத்துக்கு மேல் ஒரு மீட்டர் நன்னீர் நின்றால், கோட்பாட்டுக் கணக்கில் கீழே 40 மீட்டர் வரை நன்னீர் தாங்கும். இங்கே அடியில் சேறு குறுக்கிடுவதால் அவ்வளவு ஆழம் கிடைக்காது, ஆனால் விகிதம் அப்படியே வேலை செய்யும். பம்பு வைத்து நீர்மட்டத்தை 10 செ.மீ. தாழ்த்தினால் கீழிருந்து உவர் 4 மீட்டர் ஏற முயலும். அதனால்தான் இங்கே ஆழ்துளைக் கிணறு தோற்கிறது, அகலமான ஆழமற்ற ஊற்று நிலைக்கிறது.

தீவுகளும் கொற்கையும்

மன்னார் வளைகுடாவின் 21 தீவுகள் பவளத்தட்டின்மேல் நிற்கும் மணல்குவியல்கள். எல்லாம் சேர்ந்தே சுமார் 6 சதுர கி.மீ. பவளம் கடலேற்றத்தைத் துரத்தி வளர்ந்தது. கடல் நின்றதும் மேற்பரப்பைத் தொட்டுத் தட்டையானது. கடல் இறங்கத் தொடங்கியதும் தட்டின் தலை செத்து, அலை உடைக்கும் மேடையானது. உடைந்த பவளமும் சிப்பியும் அந்த மேடையில் குவிந்து, செடி பிடித்துத் தீவானது. கடல் இறங்காமல் இருந்திருந்தால் பல இடங்களில் தீவு தங்க மேடையே கிடைத்திருக்காது.

கொற்கையின் கதையைக் கடலிறக்கத்தின் கணக்கில் எழுதிவிடுவது வழக்கம். பாண்டியரின் துறைமுகம் இன்று கடலிலிருந்து சுமார் 6 கி.மீ. உள்ளே. 19ஆம் நூற்றாண்டில் கால்டுவெல் அங்கே அகழ்ந்தபோதே கரை விலகியதைக் குறித்தார். கொற்கைக்குப் பின் பழையகாயல், அதற்குப் பின் தூத்துக்குடி என்று துறைமுகம் இடம் மாறியது. ஆனால் 2500 ஆண்டில் இந்த இறக்கம் ஒரு மீட்டரைத் தாண்டியிருக்காது. 6 கி.மீ.யில் பெரும்பங்கு தாமிரபரணியின் வண்டல்தான்.

திசை மாறிய பிறகு

2006 முதல் 2018 வரை உலகக் கடல்மட்டம் ஆண்டுக்குச் சராசரி 3.7 மி.மீ. ஏறியது. முன்பு இறங்கிக்கொண்டிருந்த வேகத்தைப்போல் ஏழு மடங்குக்கும் மேல், அதுவும் எதிர்த்திசையில். இறங்கும் கடலும் நிறைந்த வண்டலும் சேர்ந்து கட்டிய கரைக்கு இப்போது இரண்டுமே இல்லை. மேட்டூர் அணை 1934இல் வந்ததிலிருந்து காவிரியின் மணலில் பெரும்பகுதி மேலேயே நிற்கிறது. கழிமுக வண்டல் தன் எடையிலேயே இறுகித் தாழ்வதும், நிலத்தடி நீரை எடுப்பதால் தாழ்வதும் இதோடு கூடும். அதனால் நாகப்பட்டினத்துக்கு வேண்டிய ஏற்ற எண்ணும் தூத்துக்குடிப் பாறைக்கரைக்கு வேண்டிய எண்ணும் ஒன்றாக இருக்காது.

மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளில் பூவரசன்பட்டி, விலங்குச்சல்லி என்ற இரண்டு ஏற்கெனவே நீருக்கடியில் போய்விட்டன. அங்கே முதல் குற்றவாளி கடல்மட்டம் இல்லை. சுண்ணாம்புக்கும் கட்டுமானத்துக்கும் பவளத்தை வெட்டியதால் அலையை உடைக்கும் மேடை போனது. சுருங்கிவந்த வான் தீவின் கடல்பக்கத்தில் 2015க்குப் பின் துளையிட்ட கான்கிரீட் செயற்கைத் திட்டுகளை இறக்கினார்கள். மேடை செய்த வேலையைத்தான் அவை செய்ய வேண்டும்: அலையின் வேகத்தை வெளியிலேயே குறைத்து, தீவின் மணலை இருந்த இடத்தில் இருக்கவிடுவது. பவளம் உயிரோடு இருந்தால் கடலேற்றத்தோடு சேர்ந்து மேடையும் தானாக உயரும். கான்கிரீட் உயராது. அதனால் இறக்கும்போதே அதன்மேல் பவளக்கன்றுகள் ஒட்டிப் பிடிக்கின்றனவா என்பதையும் சேர்த்துக் கவனிக்கிறார்கள். 2016இல் கடல்நீர் சூடேறி இந்த வளைகுடாவின் பவளம் வெளுத்துச் செத்தபோது அந்தக் கணக்கும் சிக்கலானது.